குதிரை என்று நினைத்தது யுனிகார்ன்: ஒரு தேக்குப் பலகையைச் சீர்செய்த அனுபவம்

பலகை என் கைக்கு வந்தபோது அதன்மேல் மூன்று பூச்சுகள் இருந்தன. மேலே சாக்லேட் நிற எனாமல், அதற்கு அடியில் வெள்ளி நிறம், அதற்கும் அடியில் திட்டுத்திட்டாக ஒரு பச்சை. இரண்டேகால் அடி அகலம், இரண்டடி உயரம், ஒன்றரை அங்குலக் கனம். தூக்கிப் பார்த்ததுமே தேக்கு என்று தெரிந்துவிட்டது. நடுவில் ஒரு கேடயம். நாம் பார்க்கையில் இடது பக்கம் ஒரு சிங்கம், வலது பக்கம் ஒரு குதிரை. மேலே மகுடம், அதன்மேல் குட்டிச் சிங்கம் ஒன்று. கீழே எழுத்து செதுக்கிய நாடா. பழைய சாமான் கடைக்காரர், 'ஏதோ பழைய கோர்ட்ல இருந்ததுன்னு சொன்னாங்க சார். கேடயத்துல ஒரு தேவதைகூட இருக்கு பாருங்க' என்றார்.

முதலில் இது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் என்று எண்ணினேன். 1808இல் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த பத்து காசு நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் கம்பெனியின் கேடயத்துக்கு இரு பக்கமும் சிங்கங்கள் நிற்கும். ஆனால் இங்கே ஒரு பக்கம் குதிரை. சரி, வேறு ஏதோ சின்னம் என்று வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

துடைக்கும்போது குதிரையின் நெற்றியில் ஒரு குழி விரலில் பட்டது. அடைத்திருந்த பெயின்டை ஊசியால் குத்தி எடுத்தால், உள்ளே உடைந்த மர ஆப்பின் மிச்சம். அப்புறம்தான் கால்களைப் பார்த்தேன். குளம்பு மாட்டுக்கு இருப்பதுபோல இரண்டாகப் பிளந்திருந்தது. மோவாயில் ஆட்டுத்தாடி. வாலோ சிங்கத்தின் வால், நுனியில் மட்டும் குஞ்சம். குதிரை உடம்பும் பிளந்த குளம்பும் ஆட்டுத்தாடியும் சிங்க வாலும் சேர்ந்தால் அது யுனிகார்ன். ஒற்றைக் கொம்பு எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. சிங்கமும் யுனிகார்னும் கேடயத்தைத் தாங்கி நின்றால் அது பிரிட்டிஷ் அரச சின்னம்.

சிங்கம் இங்கிலாந்துக்கு, யுனிகார்ன் ஸ்காட்லாந்துக்கு. 1603இல் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானபோது, டியூடர் அரசர்களின் சிவப்பு டிராகன் நின்ற இடத்துக்கு யுனிகார்ன் வந்தது. ஸ்காட்லாந்தில் பயன்படுத்தும் வடிவத்தில் இன்றும் இரண்டும் இடம் மாறி நிற்கும், யுனிகார்னுக்குத்தான் அங்கே மரியாதையான பக்கம். கேடயச் சின்னங்களின் கலையான ஹெரால்ட்ரியில் வலது என்றால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது. நமக்கு அது இடது. வேலை செய்யும்போது இதில் நான் இரண்டு மூன்று முறை தடுமாறினேன். கடைசியில் கேடயத்தின் பின்னால் நானே நிற்பதாக நினைத்துக்கொண்டால் குழப்பம் வரவில்லை.

அடுத்து, எந்தக் காலத்துப் பலகை? கேடயத்தில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்திலும் நான்காம் கட்டத்திலும் மும்மூன்று சிங்கங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக நடந்துபோகின்றன. இரண்டாம் கட்டத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் ஒற்றைச் சிங்கம். மூன்றாவதில் கடைக்காரர் சொன்ன தேவதை. பிரான்ஸைக் குறிக்கும் லில்லிப் பூவுக்கென்று தனிக் கட்டம் எங்கும் இல்லை. மூன்றாம் எட்வர்ட் பிரான்ஸுக்கும் தானே அரசன் என்று உரிமை கோரி 1340இல் சேர்த்த அந்தப் பூ, 1801இல்தான் கேடயத்தை விட்டுப் போனது. ஆக 1801க்குப் பிந்தியது. பிரிட்டிஷ் அரசரே ஆண்டுவந்த ஜெர்மன் நாடான ஹனோவரின் குட்டிக் கேடயமும் நடுவில் இல்லை. 1837இல் விக்டோரியா அரசியானபோது, பெண்ணுக்கு அரியணை தராத ஹனோவர் அவருடைய சித்தப்பாவிடம் போய்விட்டது. அதனால் அந்தக் குட்டிக் கேடயமும் மறைந்தது. ஆக 1837க்கும் பிந்தியது.

தேவதைதான் என்னை அதிக நாள் சுற்றவிட்டது. இறக்கையோடு ஒரு பெண், இடுப்புக்குக் கீழே வளைந்து சுருளும் உடம்பு, எதிரே ஒரு வெற்றிடம். வெற்றிடத்தின் மேல் விளிம்பில் ஒன்பது பொட்டுத் துளைகள், கீழ் விளிம்பிலும் ஒன்பது. ஒரு நாள் இரவு விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் புரிந்தது: அந்தப் பெண் யாழின் முன்தண்டு. தந்திகள் போய்விட்டன, அவ்வளவுதான். இது அயர்லாந்தின் ஹார்ப். இரண்டாம் எலிசபெத் காலத்தில், 1953 வாக்கில், பெண்ணுருவத்தை எடுத்துவிட்டு எளிய கேலிக் (பழைய ஐரிஷ்) யாழை வரைய ஆரம்பித்தார்கள். ஆக என் பலகை அதற்கு முந்தியது. ஒரு யாழின் முன்தண்டை வைத்துக் காலம் கணிக்க முடிந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி, நான் செய்த தவறு. அதை விரிவாகவே எழுதுகிறேன், இதே வேலையைச் செய்யப்போகிறவருக்கு உதவும்.

பூச்சை எடுக்க முதலில் 80 நம்பர் உப்புத்தாள் போட்டேன். இரண்டாம் கட்டத்தின் மேல் மூலையில் கை ஓட்டியதும் சாக்லேட் நிறம் உதிர்ந்து தேக்கு தெரிந்தது. வேகம் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு இடம் சுத்தமானபிறகு, தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் நடுவே வரிசையாகச் சிறு புள்ளிகள் தென்பட்டன. பூச்சி அரித்த துளை என்று நினைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சீரான இடைவெளி, சீரான ஆழம். ஆணி முனை மாதிரி ஒரு உளியால் தட்டித் தட்டிப் பதித்தவை. தேய்த்த இடத்தில் அவை அழிந்திருந்தன.

அவை வண்ணக் குறிப்புகள். அச்சிலும் உலோகத்திலும் செதுக்கும்போது வண்ணம் காட்ட முடியாது என்பதால் கோடும் புள்ளியும் வைத்து வண்ணத்தைச் சொல்லும் ஒரு முறை உண்டு. 1638இல் சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்டா என்ற இத்தாலிய ஜேசு சபைப் பாதிரியார் தன் நூலில் பயன்படுத்திப் பரவலாக்கியது. புள்ளி என்றால் பொன். செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம். குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டால் கறுப்பு, சாய்கோடு பச்சை, ஒன்றும் இல்லாமல் விட்டால் வெள்ளி. மரத்தில் இதைச் செதுக்குவது அபூர்வம். யாரோ ஒரு ஆசாரி, கையில் கிடைத்த அச்சுப் படத்தைப் பார்த்து, அதிலிருந்த புள்ளிகளையும் கோடுகளையும் அப்படியே விடாமல் மரத்தில் இறக்கியிருக்கிறார். அவர் அவ்வளவு பொறுமையாகப் பதித்ததை நான் ஐந்து நிமிடத்தில் தேய்த்துவிட்டேன்.

உப்புத்தாளை அன்றோடு ஓரம் கட்டினேன். இன்னொரு காரணமும் உண்டு: பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். முதல் நாளே நான் யோசித்திருக்க வேண்டியது இது. பிறகு மொட்டை மாடியில், முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டு, ஜெல்லாக வரும் பெயின்ட் ரிமூவரைத் தடவினேன். ஒரு சாண் இடத்துக்குப் பதினைந்து நிமிடம். பூச்சு கொப்புளித்து எழுந்ததும் சுரண்டுவதற்கு இரும்பு எதுவும் எடுக்கவில்லை. மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டேன், அகலமான இடத்துக்குக் கொட்டாங்கச்சித் துண்டு, பள்ளங்களுக்குப் பழைய பல்துலக்கி. டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, அடுத்த சாண். எடுத்த கசடையெல்லாம் ஒரு டப்பாவில் மூடி வைத்தேன், சாக்கடையில் விடவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

ஆறாவது ஞாயிறு மாலை முழுக் கேடயமும் வெளியே வந்தது. முதல் கட்டத்திலும் நான்காவதிலும் செங்குத்துக் கோடுகள், சிங்கங்களின் மேல் மட்டும் புள்ளி. மூன்றாவதில் படுக்கைக் கோடுகள். இரண்டாவதில் என் கையால் அழிந்த மூலை போக மீதியெல்லாம் புள்ளி. சிவப்பில் பொன் சிங்கங்கள், பொன்னில் சிவப்புச் சிங்கம், நீலத்தில் பொன் யாழ். பிரிட்டிஷ் அரச கேடயத்தின் வண்ணங்கள் இவையேதான்.

வண்ணம் பூசுவதற்கு முன்னால் இவற்றின் அர்த்தங்களைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுச் சில பட்டியல்களை அச்செடுத்து வைத்திருந்தேன். சிங்கம் என்றால் வீரம், நீலம் என்றால் உண்மை, பொன் என்றால் பெருந்தன்மை என்று நீளமாகப் போகும். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலை ஆக ஆக அந்தப் பட்டியல்கள்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

ஸ்பெயினில் லியோன் என்ற பழைய அரசின் சின்னம் சிங்கம். காரணம் வீரம் அல்ல. லியோன் என்ற பெயர் ஸ்பானிய மொழியில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஒலிக்கும். இத்தனைக்கும் ஊர்ப்பெயர் வந்தது சிங்கத்திலிருந்து அல்ல, அங்கே முகாமிட்ட ரோமானியப் படையணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து. பக்கத்து காஸ்டீலுக்குக் கோட்டைச் சின்னம், பெயரின் பொருளே கோட்டை நாடு. சிலேடைதான் அங்கே சின்னம். இன்னொரு பக்கம், ஆஞ்சூ பகுதியை ஆண்ட ஜெஃப்ரி என்ற பிரபுவுக்குப் பிரான்ஸின் லெ மான் நகரில் 12ஆம் நூற்றாண்டின் எனாமல் நினைவுத் தகடு ஒன்று இருக்கிறது. நீலக் கேடயத்தில் பொன் சிங்கங்கள். அவருடைய பேரன் வில்லியம் லாங்கெஸ்பே 1226இல் இறந்தார். இங்கிலாந்தின் சால்ஸ்பரி தேவாலயத்தில் அவர் கல்லறைச் சிலையின் கேடயத்திலும் அதே சிங்கங்கள். அங்கே சிங்கம் சொல்வது 'நான் வீரன்' என்பதை அல்ல, 'நான் இன்னாருடைய பேரன்' என்பதை. என் பலகையில் நடக்கும் மூன்று சிங்கங்களும் அப்படித்தான். 1198இல் முதலாம் ரிச்சர்ட் தன் பெருமுத்திரையில் வைத்தார், அவருக்குப் பின் வந்தவர்கள் தொடர்ந்தார்கள்.

அதற்காக எல்லாப் பட்டியலும் வீண் என்று சொல்லமாட்டேன். கூழைக்கடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தன் மார்பைத் தானே குத்தி அந்த ரத்தத்தால் குஞ்சுகளைக் காப்பாற்றும் பறவை என்று இடைக்கால ஐரோப்பா நம்பியது. அதைக் கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளமாக வைத்தது. 1517இல் ஆயர் ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவிய கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் சின்னத்தில் அந்தப் பறவை இருக்கிறது. அங்கே அர்த்தம் முதலில், சின்னம் பிறகு. வரைந்தவர்களில் பலர் நிஜப் பறவையைப் பார்த்ததில்லை. அதனால் வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் பை தொங்கும் அலகு இருக்காது, கழுகு மூக்குதான் இருக்கும். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: இது சிலேடையா, பரம்பரையா, நம்பிக்கையா என்று.

வண்ண வேலைக்கு வருகிறேன். எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்ற கவலை தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. கேடயச் சின்னத்தைச் சொற்களில் எழுதிவைக்கும் விவரணையில் சிவப்பு என்று மட்டும்தான் இருக்கும், அடர்த்தி ஓவியனின் விருப்பம். போர்டு எழுதுபவர்கள் வாங்கும் எனாமலில் நல்ல குங்குமச் சிவப்பும், சற்று ஆழ்ந்த நீலமும் வாங்கினேன்.

ஆனால் எது எதன்மேல் வரலாம் என்பதற்குக் கண்டிப்பான விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகம்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியவை நிறம். உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, நிறத்தின்மேல் நிறம் கூடாது. ஒரு அட்டையில் நீலம் பூசி அதன்மேல் சிவப்புச் சிங்கம் ஒன்றை வெட்டி ஒட்டி, மாடியின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். சாயங்கால வெளிச்சத்தில் இருட்டான ஒரு கறைதான் தெரிந்தது. அதே சிங்கத்தை மஞ்சளில் வெட்டி ஒட்டினால் தெருவிலிருந்தே தெரிகிறது. தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டிய கேடயத்துக்கு இந்த விதி எவ்வளவு தேவை என்று அன்று கண்ணாலேயே பார்த்தேன். நகம், நாக்கு, கொம்பு மாதிரி சின்ன உறுப்புகளுக்கு விதி தளரும். வெள்ளை யுனிகார்னுக்குப் பொன் கொம்பும் பொன் குளம்பும் இருப்பது அதனால்தான்.

தங்கத்துக்கு எங்கள் தெருவில் தஞ்சாவூர் ஓவியம் போடும் அக்காவிடம் போனேன். பொன் பெயின்ட் டப்பாவைப் பார்த்ததும், 'இது ரெண்டு மழைக்காலத்துல பழுப்பாயிடும் தம்பி. சிங்கத்துக்காவது ரேக்கு ஒட்டு' என்றார். அவரே சுக்கான் பொடியும் கோந்தும் குழைத்துத் தந்தார். சிங்கங்களின்மேல் மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் கோந்து பூசி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தங்க ரேக்கை வைத்துப் பஞ்சால் ஒற்றினேன். கேடயத்துக்குள் இருக்கும் ஏழு சிங்கங்களில் ஆறு பொன் சிங்கங்களுக்கும் யாழுக்கும் ரேக்கு. வெள்ளிக்கு ரேக்கு வேண்டாம், கறுத்துப்போகும் என்றார் அக்கா. ஐரோப்பிய ஓவியர்களும் அதே காரணத்துக்காக வெள்ளிக்குப் பதில் வெள்ளை நிறமே பூசிவந்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

சிங்கங்களின் நகமும் நாக்கும் நீலம். பொன் சிங்கத்துக்கு வழக்கமாகச் சிவப்பு நாக்குதான், ஆனால் பின்புலமே சிவப்பாக இருந்தால் நீலமாக மாற்றுவார்கள். இருபத்துநான்கு கால்களுக்கும் நகம் நகமாக நீலம் வைக்க, மூன்று மயிர் கொண்ட தூரிகைதான் உதவியது. ஸ்காட்லாந்தின் சிவப்புச் சிங்கத்துக்கும் நகமும் நாக்கும் நீலமே.

அந்தச் சிவப்புச் சிங்கத்தைச் சுற்றியிருக்கும் இரட்டை வரி என் பொறுமையைச் சோதித்தது. இரண்டு மெல்லிய கோடுகள், அவற்றில் கோத்ததுபோல லில்லிப் பூக்கள், ஒன்று உள்நோக்கி, அடுத்தது வெளிநோக்கி. இரண்டு கோடுகளுக்கும் நடுவே பூவின் உடல் தெரியாது, இடைவெளியில் பொன் மட்டும். இதை முதல் முறை தவறாகப் பூசி, ஈரம் காயுமுன் துடைத்தெடுத்தேன். 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்காட்லாந்து அரச முத்திரைகளில் இருக்கும் வரி இது. பிரான்ஸை ஆண்ட பேரரசர் சார்லமேனோடு ஸ்காட்லாந்து கொண்ட நட்பின் அடையாளம் என்று பிற்காலத்தில் ஒரு கதை கட்டினார்கள். சார்லமேன் இறந்தது 814இல். கேடயச் சின்னம் என்ற வழக்கமே 12ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது.

கொம்பை ஒரு பழைய தேக்குச் சட்டத்திலிருந்து செதுக்கினேன். ஐந்தரை அங்குலம். முதலில் கூம்பாக இழைத்து, நூலைச் சுருளாகச் சுற்றிப் பென்சிலால் குறித்து, அந்தக் கோட்டிலேயே முக்கோண அரம் ஓட்டினால் முறுக்கு வந்துவிடும். நெற்றித் துளையிலிருந்த பழைய ஆப்பைத் துளையிட்டு எடுத்து, மூங்கில் ஆப்பு வைத்து, மரப்பசையோடு இறக்கினேன். பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்புக்குப் பட்டி வைக்கவில்லை. தேக்குச் சில்லுகளை ஆப்புபோலச் சீவி, பசை தடவிச் செருகி, காய்ந்தபின் உளியால் மட்டம் தட்டினேன். பட்டி வெயிலுக்கும் மழைக்கும் விட்டுப்போகும், சில்லு மரத்தோடு மரமாக நிற்கும்.

யுனிகார்னின் கழுத்தில் ஒரு மகுடம் வளையமாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு சங்கிலி முன்னங்கால்களுக்கு நடுவே போய் முதுகின்மேல் திரும்புகிறது. கட்டுக்கு அடங்காத மிருகம், கன்னிப் பெண்ணுக்கு மட்டும் பணியும் என்பது இடைக்கால நம்பிக்கை. அதை அடக்கிய அரசனின் வலிமையைச் சங்கிலி காட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். என் ஆசாரி அதன் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார். சிங்கத்துக்கு அவர் வைத்த பிதுங்கிய கண்ணும் சுருள் பிடரியும் அப்படியே கோயில் தூண் யாளி. அதைத் 'திருத்த' எனக்கு மனம் வரவில்லை. கோடு தெளிவாக்கியதோடு விட்டுவிட்டேன்.

யாழுக்குத் தந்தி வெள்ளி என்று விவரணை சொல்கிறது. வீணைக்குப் போடும் மெல்லிய எஃகுத் தந்தி வாங்கி, ஒன்பது துளைகளிலும் கோத்து, பின்னால் சின்ன ஆணிகளில் முறுக்கினேன். நீலத்தின்மேல் அவை ஒளிர்வது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. யாழ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் படங்களைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள். 1922இல் தனி அரசான அயர்லாந்து யாழைச் சின்னமாக எடுத்தபோது, கின்னஸ் என்ற பீர் நிறுவனம் 1876லேயே யாழை வணிகக் குறியாகப் பதிந்து வைத்திருந்தது. அதனால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும்.

கேடயத்தைச் சுற்றியிருக்கும் வார்ப்பட்டை சுமார் 1348இல் மூன்றாம் எட்வர்ட் தொடங்கிய கார்ட்டர் வீரர் குழுவின் அடையாளம், அதற்கு நீலமும் பொன் எழுத்தும். 'தீங்கு நினைப்பவனுக்கு வெட்கம்' என்ற பிரெஞ்சு வாசகம். நாடாவில் இருப்பதும் பிரெஞ்சுதான்: 'கடவுளும் என் உரிமையும்'. அடியில் ஒரே தண்டில் ரோஜா, முள்பூவான திசில், மூவிலை ஷாம்ராக். இவையெல்லாம் இரண்டே நாளில் முடிந்தன.

பின்பக்கத்துக்கு அரக்கு பாலிஷ் கொடுத்த அன்று மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் பாலிஷ் வெள்ளை பூத்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நல்ல வெயிலுக்குப் பத்து நாள் காத்திருந்து மறுபடி போட்டேன். முன்பக்கத்துக்கு மங்கலான வார்னிஷ் ஒரே ஒரு கை.

இரண்டாம் கட்டத்தின் கீழ் மூலையில் ஒரு அங்குல அளவுக்குப் பொன் பூசாமல் வெறும் தேக்காகவே விட்டிருக்கிறேன். ஆசாரி பதித்த புள்ளிகள் அங்கே தெரியும். பலகையின் பின்னால் பென்சிலால் எழுதியும் வைத்தேன்: கொம்பு, தந்திகள், நடு வெடிப்பின் சில்லுகள், எல்லா வண்ணமும் ரேக்கும் என் கைவேலை, மேல் மூலையில் புள்ளி அழிந்தது என்னால், மீதி செதுக்கல் முழுக்கப் பழையது.